ஜோவானாவைத் தயார் செய்தவன்

இன்டர்வியூவுக்குப் போகிற பெண்களுக்குக் கோட் வாங்குவது நீங்கள் நினைப்பதுபோல் சுலபமில்லை. தோள் பொருந்தினால் கை நீண்டுவிடும். கை சரியாக இருந்தால் இடுப்பில் பிடிக்கும். ஜோவானா குள்ளம். உட்பிரிட்ஜ் மாலில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் கருநீலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். அவளுக்குச் சாம்பல் நிறம் பிடித்திருந்தது. கருநீலம்தான் மரியாதை என்றேன். கேட்டுக்கொண்டாள்.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நன்றி. இதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னால் வேறு யாரோ செய்ததுபோல் ஆகிவிடும்.

என் பெயர் சைலஸ். நாகர்கோவில்காரன். பிஸ்கட்டவேயில் ஒரு மருந்துக் கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் திருத்துகிற வேலை. என் மனைவி ஜோவானாவுக்குத் தூத்துக்குடி. கல்யாணத்துக்கு முன்பு அங்கே கோர்ட்டில் வக்கீலாக இருந்தாள். 1993-ல் என்னோடு அமெரிக்கா வந்து எடிசனில் குடியேறினாள். வந்த புதிதில் பேங்குக்குப் போனாலும் டாக்டரிடம் போனாலும் டிரைவிங் லைசென்ஸ் ஆபீசுக்குப் போனாலும் அவளுக்காக நான்தான் பேசுவேன். அவள் என் பின்னால் கொஞ்சம் தள்ளி நிற்பாள். இங்கிலீஷ் தெரியாதவள் இல்லை. இங்குள்ளவர்கள் பேசுகிற வேகம் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அந்த வருடங்களில் நாங்கள் மிகவும் ஒற்றுமையாக இருந்தோம்.

கிரீன் கார்டு வந்ததும் லா ஸ்கூலில் சேர வேண்டும் என்றாள். அப்ளிகேஷனை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். நியூவர்க்கில் இடம் கிடைத்தது.

சட்டம் படிக்கிறவர்களுக்கு இங்கே இரண்டாம் வருடம் முடிந்து வருகிற கோடைதான் முக்கியம். பெரிய லா ஃபர்ம்கள் அந்தக் கோடையில் மாணவர்களை எடுத்து வேலை செய்யவிட்டுப் பார்க்கும். பிடித்துப்போனால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. அதற்கான தேர்வு முந்தைய இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்துவிடும். முதலில் ஃபர்மிலிருந்து காலேஜுக்கு வந்து சிறிது நேரம் பேசிப் பார்ப்பார்கள். தேறியவர்களை மட்டும் மன்ஹாட்டன் ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே ஒருவர் மாற்றி ஒருவராக வக்கீல்கள் கேள்வி கேட்பார்கள். நடுவில் வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு. முள்கரண்டியை எப்படிப் பிடிக்கிறாய் என்பதைக்கூடப் பார்ப்பார்கள்.

1999-ல் ஜோவானாவின் முறை வந்தது. விண்ணப்பித்த இடங்களில் பாதிக்கு மேல் பதிலே வரவில்லை. வந்த பதில்கள் பெரும்பாலும் மறுப்புதான். அவள் சோர்ந்துபோனபோது, நான் தயார் செய்கிறேன் என்றேன். நான் அந்த வருடம் பல இன்டர்வியூக்களுக்குப் போய்வந்தவன். 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பாமல் திருத்துகிற Y2K வேலை முடிந்ததும் எங்கள் பிரிவையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது. எங்கும் என்னை எடுக்கவில்லை. ஆகவே, அந்த அறைகளுக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆபீஸ் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்காருவோம். நான்தான் ஃபர்மின் பெரிய வக்கீல். அவள் கதவுக்கு வெளியே போய், தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். கைகுலுக்க வேண்டும். "கை தொளதொளன்னு இருக்கு, திரும்பப் போய்ட்டு வா" என்பேன். போய்விட்டு வருவாள். ஊரில் நல்ல தொழிலை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பேன். அவள் பதில் சொன்னால், உச்சரிப்பைத் திருத்துவேன். திருத்தியபடி சொன்னால், மனப்பாடம் செய்ததுபோல் இருக்கிறது என்பேன். மறுபடியும் அதே கேள்வி. சில நாள்களில் அவளுக்கு வாயே திறக்காது. அழுதுவிடுவாள். நான் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அழுது முடித்ததும் என் தோளில் சாய்ந்துகொள்வாள். அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

அவளுக்கு ஊரில் நடத்திய வழக்கு ஒன்றைச் சொல்ல ஆசை. உப்பளத்தில் வேலை செய்து பார்வை மங்கிய ஒரு பெண்ணுக்காக, கம்பெனி டாக்டரைக் கூண்டில் ஏற்றி அவள் குறுக்கு விசாரணை செய்த வழக்கு. "உப்பளம்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாது, அதெல்லாம் எடுக்காதே" என்று சொல்லிவைத்தேன்.

அப்போதுதான் பிரீத்தா வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஜோவானாவோடு படிக்கிறவள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், எங்கள் சர்ச் ஆள்கள்தான். வயதில் மிகவும் சிறியவள். நாங்கள் பயிற்சி செய்வதை ஒரு நாள் சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் எழுந்து வந்து, "அக்கா, நீங்க ஆல்ரெடி லாயர். ஏன் சாரி சொல்ற மாதிரியே பேசறீங்க? அந்த சால்ட் கேஸ் சொல்லுங்க, இட்ஸ் அமேசிங்" என்றாள்.

ஜோவானா என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு இருவரும் லைப்ரரியில் பயிற்சி செய்தார்கள். சாப்பாட்டு மேஜை காலியாகக் கிடந்தது. ஜோவானா வீட்டில் நடக்கிற நடையே மாறியது. போனில் யாரிடமோ பேசிச் சிரிப்பாள். ஓக் ட்ரீ ரோட்டில் கடைக்காரன் மீதிச் சில்லறையில் ஏதோ தவறு செய்தபோது, நான் வாயைத் திறக்கும் முன் அவளே பேசி முடித்துவிட்டாள். பெரிய விஷயமில்லை. ஆனால் அன்று ஒரு அடி தள்ளி நின்றது நான்.

காலேஜுக்கு வந்து பேசிப் பார்த்த ஒரு ஃபர்மில் ஜோவானா தேறினாள்; நவம்பரில் அவர்களுடைய மன்ஹாட்டன் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. அதே வாரம் என் பிரிவை மூடுவது உறுதியானது. அவளிடம் சொன்னேன். ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், நீங்க எத்தனை வருஷமா ஓடிட்டு இருக்கீங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. இனிமே நான் பாத்துக்கிறேன்."

அன்பாகத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் முகத்தில் கர்வமோ ஏளனமோ இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவளை அந்த அறைகளில் அவமானப்படவிடக் கூடாது என்று நினைத்தேன். அவமானப்பட்டுத் திரும்பி வருவதைவிடப் போகாமல் இருப்பது நல்லது. அது மட்டும்தான் என் எண்ணம். மகரந்த அலர்ஜிக்காக நான் சாப்பிடுகிற மாத்திரை வீட்டில் இருந்தது. எந்தக் கடையிலும் சீட்டில்லாமல் கிடைக்கிறதுதான். ஒன்று சாப்பிட்டாலே எனக்குக் கண் சொக்கும். இன்டர்வியூ அன்று காலை அவளுக்கு இஞ்சித் தேநீர் போட்டேன். மாத்திரைகளைப் பொடித்து அதில் கரைத்தேன். கசப்பு தெரியாமல் இருக்கச் சர்க்கரையைக் கூட்டினேன். குடித்துவிட்டுச் சோபாவில் சாய்வாள், தூங்கிவிடுவாள், ரயில் போய்விடும். எழுந்து அழுவாள். நான் பக்கத்தில் இருப்பேன். நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் இல்லாத கணக்கு.

அவள் கருநீலக் கோட்டோடு வந்து நின்றாள். "இப்ப எதுவும் இறங்காது அத்தான், ட்ரெய்ன்ல குடிச்சிக்கிறேன்" என்று தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டாள். மெட்ரோபார்க் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு ரயில் ஏற, அவளே தன் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் என் காரில் ஆபீஸ் போனேன். ரயிலில் தூங்கிவிட்டாள் என்றோ, அங்கே போய் நாக்குக் குழறியது என்றோ போன் வரும் என்று நாள் முழுவதும் காத்திருந்தேன். என்ன ஆறுதல் சொல்வது என்றுகூட யோசித்துவைத்தேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்த சிறிது நேரத்தில் போன் அடித்தது. நியூயார்க் ஸ்டேஷனில் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினாள். பின்னால் ரயில் அறிவிப்புகள் கேட்டன.

"அத்தான், நல்லா போச்சு. ரொம்ப நல்லா போச்சு."

"அப்படியா."

"கோச்சுக்காதீங்க. நீங்க வேண்டாம்னு சொன்னீங்கல்லா, அந்த உப்பளக் கேஸைத்தான் சொன்னேன். ஒரு பெரியவர், பேனாவைக் கீழ வச்சிட்டுக் கேட்டார். அந்த அம்மாவுக்கு அப்புறம் என்னாச்சுன்னு கேட்டார் அத்தான். எனக்குக் கண்ணு நிறைஞ்சிட்டு."

"சாப்பிட்டியா?"

"பயத்துல எங்க சாப்பிட. உங்க டீயைக்கூடத் தொடல, பிளாஸ்க் அப்படியே இருக்கு. இப்பதான் குடிக்கணும்போல இருக்கு. ட்ரெய்ன்ல குடிச்சிட்டே வாரேன்."

இந்த இடத்தை நிதானமாகச் சொல்கிறேன். நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

குடிக்காதே என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. காரணம்கூடத் தேட வேண்டியதில்லை. காலையில் போட்டது, கெட்டுப்போயிருக்கும், கொட்டிவிடு என்றால் போதும். கேள்வி கேட்காமல் கொட்டியிருப்பாள். அந்த வார்த்தைகள் என் வாய்வரை வந்தன. ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. ரயிலில் தூங்கிவிடுவாள். மெட்ரோபார்க் தாண்டி எங்கேயோ போய் விழிப்பாள். பயந்துபோய் என்னைக் கூப்பிடுவாள். நான் போய் அழைத்துவருவேன். பயந்துபோய் அவள் என்னைக் கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது.

"சரி, குடி. பத்திரமா வா" என்றேன்.

ரயிலில் அவள் தூங்கவில்லை. சரியான ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறாள். காரை எடுத்திருக்கிறாள். வீட்டுக்குத் திரும்புகிற சிக்னலுக்குச் சற்று முன்னால், ஓரமாக நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னால் கார் போய் இடித்தது. பிரேக் போட்ட அடையாளமே இல்லை என்றார்கள். நான் அந்த நேரத்தில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கூப்பிடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில், ஏதாவது அலர்ஜி மாத்திரை சாப்பிட்டிருந்தாரா என்று கேட்டார்கள். ஆமாம், ஜலதோஷம் இருந்தது என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மனைவியை இழந்தவனிடம் எதையும் கேட்க இங்கே கூச்சப்படுகிறார்கள். இன்டர்வியூவுக்காக ராத்திரி பகலாகப் படித்துத் தூக்கம் கெட்டவள் என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்கள். காரில் கிடந்த பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

அடக்கம் முடிந்து, ஊரிலிருந்து வந்த அவள் அண்ணன் திரும்பிப் போன மறுநாள் போன் வந்தது. அந்த ஃபர்மிலிருந்து ஒரு பெண். ஜோவானாவைக் கோடைக்கு எடுத்துக்கொள்ள எல்லாருக்கும் மிகவும் விருப்பம், அவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றார். அவ்வளவு உற்சாகமான குரல். அந்தக் குரலிடம் அவள் இறந்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அவள் வேறு இடத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள்" என்றேன்.

அவருக்கு வருத்தம். அடுத்த வருடமாவது எங்களை நினைக்கச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.

பிரீத்தாவுக்கும் அதே ஃபர்மில் இடம் கிடைத்திருந்தது. இந்தக் கோடையில்தான் அங்கே சேர்ந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெரியவர் அவளிடம், உன் காலேஜில் உப்பு வழக்கு சொன்ன ஒரு பெண் இருந்தாரே, எங்களை விட்டுவிட்டு எங்கே போனார் என்று கேட்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பிரீத்தா வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, அக்கா வேற எங்கேயோ ஜாயின் பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"வொய்?"

அவள் கதவருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். ஜோவானாவுக்காக அப்படி ஒருவர் அழுவதைப் பார்த்ததும், நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுவதே நல்லது என்று பட்டது. உங்களிடம் சொன்னதைப்போலவே, கோட் வாங்கியதிலிருந்து ஆரம்பித்தேன். தேநீர்வரை வந்ததும் அவள் போய்விட்டாள். அதன் பிறகு போலீஸிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

தேநீரில் மாத்திரையைக் கரைத்தது நான். குடிக்காதே என்று சொல்லாமல், குடி என்று சொன்னதும் நான். ஜோவானா தூக்கம் கெட்டுச் சாகவில்லை, என்னால்தான் செத்தாள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அத்தனை பெரிய ஃபர்மில், அத்தனை பேர் மத்தியில் அவளைத்தான் வேண்டும் என்றார்கள். அவளைத் தயார் செய்தவன் நான்.