இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

— இன்னும் கொஞ்சம் திறங்க சார். மேடையில ரெண்டு மணி நேரம் பேசுற வாய், இதுக்கு மேல திறக்காதா?

— கிண்டல் பண்ணாதீங்க டாக்டர். மூணு நாளா தூக்கமில்லை. அஞ்சு மணிக்குப் பல்கலைக்கழக அரங்கத்துல பேசியாகணும். அந்தக் கூட்டத்தோட அமைப்பாளர்தான் உங்க பேரைச் சொல்லி அனுப்பினார்.

— தெரியும். தெரு முழுக்க உங்க முகம்தானே ஒட்டியிருக்கு. தத்துவ மேதையோட வாழ்க்கை வரலாறு, ரெண்டாம் பதிப்பு வரப்போகுதாம். முதல் பதிப்பை நான் மூணு தடவை படிச்சிட்டேன்.

— அடடே! பல் டாக்டர் தத்துவமெல்லாம் படிக்கிறீங்களா?

— வலியைப் பத்தி எழுதினவராச்சே. எங்க பொழப்பே அதுலதான் ஓடுது. கடைவாய்ப் பல் சார், வேர் வரைக்கும் சீழ். திறந்து விடணும். மரத்துப்போக ஊசி போட்டுடுறேன், சரியா?

— ஒண்ணுக்கு ரெண்டா போடுங்க. சொல்லப்போனா, எனக்கு வலின்னாலே ஆகாது.

— "வலிதான் மனுஷனுக்கு முதல் வாத்தியார், அதை மறக்கடிக்கிறவன் திருடன்"னு அவர் எழுதியிருக்காரே. அப்ப நான் திருடியா?

— அவர் பார்வையில ஆமா! அந்த ஒரு வரியை வெச்சு எத்தனை அடிதடி தெரியுமா? சீடர் எழுதின வரலாறு அவரை மகான்னு சொல்லுது. பத்திரிகைக்காரர் எழுதினது பைத்தியம்னு சொல்லுது. ஆனா ரெண்டு பேருமே அந்த வரியை வெறும் உவமைன்னு தாண்டிப் போயிட்டாங்க. சொல்லப்போனா, நான் ஒருத்தன்தான் நின்னு பார்த்தேன். அது உவமை இல்லை, அந்த மனுஷன் செஞ்சு பார்த்த சோதனை.

— இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம்.

— பக்கம்கூட ஞாபகம் இருக்கா!

— "வயிற்றில் புற்றுநோய் வந்து துடித்த மனைவிக்கு மருந்து தராமல், பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். இதை எனக்குச் சொன்னவர் ஒரு நெருங்கிய உறவு." மனப்பாடம் சார். சுருக்குனு இருக்கும், அசையாதீங்க... ஆச்சு. மரக்கிற வரைக்கும் பேசிட்டு இருப்போம். யார் அந்த நெருங்கிய உறவு?

— வாக்குக் கொடுத்திருக்கேன் டாக்டர். ஆனா ஆதாரம் இருக்கு, அது போதும்.

— சித்தப்பாவா? அண்ணன் புகழ் தன்னை மூடிடுச்சுன்னு கடைசி வரைக்கும் புழுங்கினவர் அவர்தான்.

— சித்தப்பாவா? யாருக்குச் சித்தப்பா?

— எனக்கு.

— டாக்டர்... நீங்க...

— எந்திரிக்காதீங்க, நாற்காலி சாஞ்சிருக்கு, விழுவீங்க. வாசல் பலகையில என் பேரோட வீட்டுக்காரர் பேர் இருக்கு, அதனால உங்களுக்குத் தெரியலை. அமைப்பாளர் என்கிட்ட பல் காட்டுறவர். உங்களுக்குப் பல்வலின்னு அவர் சொன்ன அன்னிக்கே, இங்கேயே அனுப்புங்கன்னு சொன்னது நான்தான்.

— அப்ப, அவரோட அந்தப் பத்து வயசுப் பொண்ணு நீங்களா!

— நானேதான். ஆறு மாசம் சார். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, எங்கப்பா தன் கையால எங்கம்மாவுக்கு வலி ஊசி போட்டார். அப்பல்லாம் கண்ணாடி ஊசி. அதைச் சட்டித் தண்ணியில கொதிக்க வெச்சு, மூடி போட்டு, சட்டியோட தூக்கிட்டுப் போய் அவர் கையில கொடுத்தவ நான். ஒரு வேளை தவறினது இல்லை. நீங்க மருந்தே தரலைன்னு எழுதிட்டீங்க. உங்க புத்தகத்தைப் படிச்சிட்டு என் பொண்ணு தாத்தா படத்தைச் சுவத்துல இருந்து கழட்டிட்டா. ஆணி மட்டும் இருக்கு. தினம் அதைப் பாத்துட்டுத்தான் வேலைக்கு வர்றேன்.

— வருத்தமா இருக்கு. நிஜமா.

— வருத்தம் யாருக்கு வேணும்? பேரைச் சொல்லுங்க. இல்லைன்னா ரெண்டாம் பதிப்புல அந்தப் பக்கத்தைக் கிழிங்க. ரெண்டுல ஒண்ணு.

— பக்கத்தை எடுக்க முடியாது. பேரையும் சொல்ல மாட்டேன். வேற யார் வந்து கேட்டாலும் ஒருவேளை வாய் தவறும். உங்ககிட்ட மட்டும் தவறாது.

— ஏன், என்னைப் பார்த்தா பாவமா இருக்கோ?

— சொல்லப்போனா... ஆமா.

— பாவம் பாக்குறாராம்! சரி, பேச்சு போதும். திறங்க.

— இன்னும் மரக்கலையே டாக்டர். உதடு அப்படியேதான் இருக்கு.

— திறங்கன்னு சொன்னேன்.

— ஆ... ஆஆ! ஐயோ! நிறுத்துங்க! உயிர் போகுது!

— போகாது. ரெண்டு விநாடி தொட்டதுக்கே இந்தக் கத்தலா? முதல் வாத்தியார் எப்படி இருக்கார்? பாடம் ஏறுதா?

— ஊசி வேலை செய்யலை... இன்னொண்ணு போடுங்க...

— எப்படி வேலை செய்யும்? உள்ள மருந்தே இல்லையே. வெறும் தண்ணி.

— என்னது?

— தண்ணி சார். சுத்தமா கொதிக்க வெச்சு ஆற வெச்சது, பயப்படாதீங்க. எங்கப்பா செய்யாததைச் செஞ்சதா எழுதினீங்களே, அது எப்படி இருக்கும்னு எழுதினவருக்குத் தெரிய வேண்டாமா? அசல் மருந்து இதோ தட்டுல இருக்கு. பேரைச் சொன்னா அடுத்த நிமிஷம் போடுறேன்.

— தண்ணின்னு உங்களுக்கு யார் சொன்னா?

— யார் சொல்லணும்? நான்தானே அடைச்சேன்.

— இல்ல, அந்த யோசனை. அந்த ஒரு விஷயத்தை நான் புத்தகத்துல எழுதவே இல்லையே!

— உளறாதீங்க. நான் கேட்டது பேரு.

— முதல்ல கையில இருக்கிறதைக் கீழ வைங்க. நான் அப்ப மாணவன். உங்கப்பா எழுதுறதைப் பிரதி எடுக்க உங்க வீட்டுக்கு வருவேன். ஒருநாள் அவர் வெளிய போனப்போ உள்ள இருந்து கூப்பிட்டாங்க. மேசை டிராயரைத் திறக்கச் சொன்னாங்க. டாக்டர் கொடுத்த மருந்துப் புட்டி அத்தனையும் உடைக்காம அடுக்கியிருந்துச்சு.

— எங்க வீட்டு டிராயரா? யார் திறக்கச் சொன்னா?

— வேண்டாம் டாக்டர். இதோட விட்டுடுங்க. அந்தப் பக்கத்தை வேணும்னா எடுத்துடுறேன்.

— யார்னு கேட்டேன்!

— உங்கம்மா. "அவரை விடாதீங்க தம்பி, நான் செத்த பிறகாவது ஊரறிய எழுதுங்க. ஆனா ஊசி போட்டார்னும், உள்ள இருந்தது மருந்தில்ல, சட்டித் தண்ணிதான்னும் மட்டும் எழுதிடாதீங்க. அதைக் கொதிக்க வெச்சுக் கொண்டு வர்றது என் பொண்ணு"ன்னாங்க.