கேட்டா குடுக்கணும்

டீச்சர்: பாயைச் சுருட்டிக்கிட்டு எங்கடி கிளம்பிட்டே, ரோட்டியா? பாடம் முடிஞ்சு பசங்க எல்லாரும் போயாச்சே.

ரோட்டியா: கிளம்பலை டீச்சர். வந்துட்டேன்.

டீச்சர்: வந்துட்டியா?

ரோட்டியா: இனிமே இங்க, உங்க வீட்டுலதான் படுக்கை. நேத்து அம்மாகிட்ட கேட்டீங்கல்ல? "இவ்வளவு அழகா வாசிக்கிறாளே, இவளை எனக்கே குடுத்துடுங்க"ன்னு.

டீச்சர்: அட கடவுளே! அது விளையாட்டுக்குச் சொன்னதுடி!

ரோட்டியா: உங்க மெல்பர்ன்ல விளையாட்டா இருக்கலாம். எங்க தரவாத் தீவுல ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாது. சைக்கிளைக் கேட்டாலும் குடுக்கணும், புள்ளையைக் கேட்டாலும் குடுக்கணும்.

டீச்சர்: அம்மா... என்ன சொன்னாங்க?

ரோட்டியா: ஒண்ணும் சொல்லலை. தலைக்கு எண்ணெய் வச்சு விட்டாங்க.

டீச்சர்: அழுதாங்களா?

ரோட்டியா: பாயை எங்க விரிக்கட்டும் டீச்சர்?

டீச்சர்: சொல்லித் தொலையேன்!

ரோட்டியா: ஈரப்பலா சுட்டுக் குடுத்து, வழியில தின்னுன்னாங்க. வழி எங்க இருக்கு, நாலு வீடுதானே? வாசல்லயே தின்னுட்டேன்.

டீச்சர்: ஐயோ, எந்திரி. இப்பவே கொண்டுபோய் விட்டுட்டு மன்னிப்புக் கேட்டுட்டு வரேன்.

ரோட்டியா: வேணாம் டீச்சர்! திருப்பி விட்டா, என் பொண்ணுகிட்ட என்ன குறைன்னு அம்மா கூனிக்குறுகிப் போயிடுவாங்க.

டீச்சர்: என்னால உன்னை வச்சுக்க முடியாதுடி... எனக்கு... வேலை நிறைய இருக்கு.

ரோட்டியா: கதவுகிட்ட எதுக்கு அந்தப் பெட்டி?

டீச்சர்: பழைய துணி. பேச்சை மாத்தாதே. உங்கம்மாவே வந்து உன்னைத் திருப்பிக் கேட்டா? நானும் இல்லைன்னு சொல்லக்கூடாதுல்ல?

ரோட்டியா: பரவாயில்லையே, நல்லாத்தான் படிக்கிறீங்க! ஆனா குடுத்ததை அம்மா கேட்க மாட்டாங்க. வேற யாராவது கேட்கலாம்... நான்கூடக் கேட்கலாம்.

டீச்சர்: அப்ப கேளேன், தாயே!

ரோட்டியா: கேட்டா குடுத்துடணும்.

டீச்சர்: குடுத்துடறேன்.

ரோட்டியா: என்ன கேட்டாலும்? சத்தியமா?

டீச்சர்: சத்தியமா! அங்க அவங்க அழுதுக்கிட்டு இருப்பாங்க. சீக்கிரம் கேளு!

ரோட்டியா: அம்மா அழலை டீச்சர். நீங்க விளையாட்டுக்குச் சொன்னீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். நான் இங்க வந்ததுதான் தெரியாது, பாயை நானேதான் தூக்கிட்டு வந்தேன். எண்ணெய் வச்சது, ஈரப்பலா குடுத்தது எல்லாம் நான் கட்டின கதை. நேத்து உங்க கெட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தீங்க. வெள்ளிக்கிழமை விமானத்துல மெல்பர்னுக்கே திரும்பிப் போறேன்னு அவங்ககிட்ட மட்டும் சொன்னீங்க, எங்க யார்கிட்டயும் சொல்லலை... அந்த விமானத்துல ஏறாதீங்க டீச்சர். கேட்டுட்டேன்.