கீழ்த்தொட்டிக்கு இடம்

மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தொட்டிக்குத்தான் இடம் பார்ப்பார்கள். அது பிழை, ஐயா. உப்புத்தண்ணீர்த் தொட்டியென்றால் கீழ்த்தொட்டிக்குத்தான் முதலில் இடம் பார்க்க வேண்டும். மேல்தொட்டியின் அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். அங்கே பஞ்சில் வடிந்து, பாசியில் தெளிந்து, மோட்டரால் திரும்பவும் மேலே ஏறும். பார்க்க வருகிறவன் மேலே நீந்துகிற மீனைப் பார்த்துவிட்டுப் போவான். மீனின் உயிர் கீழே இருக்கிறது.

எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. எங்கள் வீடு என்பது வாய்ப்பழக்கம். பெரியகல்லாற்றில் வீடு பெண்ணுக்குரியது, உங்களுக்குத் தெரியாததல்ல. என் மனைவி சர்மிலாவுக்கு அவளுடைய அப்பா யாக்கோப்பு கட்டிக் கொடுத்த வீடு அது. நான் ஒரு பையோடு வந்தவன். இங்கே எல்லா ஆண்களும் அப்படித்தான் வருகிறார்கள். சின்ன வயதிலிருந்து மீன்வாடியில் ஐஸ் பெட்டி தூக்கியவனுக்கு ஒழுகாத கூரையே பெரிய காரியம்.

மாமா நெல் மில்லில் மூட்டை சுமந்தவர். உமித்தூசி அவர் நெஞ்சைத் தின்றுவிட்டது. ஹோலுக்கு அடுத்த சின்ன அறையில், ஒட்சிசன் மெசினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு இருந்தார். சுவரைப் பிடித்து ஜன்னல்வரை நடப்பார். வாய் மட்டும் பழைய பலத்தோடு இருந்தது.

தொட்டிக்கு சர்மிலா ஹோல் மூலையிலிருந்த கொங்கிறீட் மேடையைக் காட்டினாள். "அதில வைங்க. அதுக்கு மேல எனக்கிட்ட இடம் கேக்காதீங்க" என்றாள். நான் கேட்கவில்லை. மேடையின் பின்சுவருக்கு அப்பால் மாமாவின் கட்டில் கிடந்தது. சுவரில் இரண்டு துளை போட்டேன், தண்ணீர் போக ஒன்று, வர ஒன்று. கட்டில் தாழ்வாக இருந்ததால் நாலு காலுக்கும் கொங்கிறீட் கல் வைத்து உயர்த்தினேன். கீழ்த்தொட்டி அச்சாகக் கட்டிலுக்கடியில் போனது. மாமாவின் கால் நிலத்துக்கு எட்டாமல் போனது. அதன்பிறகு ஆள் பிடித்து இறக்கினால்தான் அவருக்கு ஜன்னல்.

"என்ன மருமகன், பரண்ல ஏத்திப்போட்டீங்க? விதைநெல்லா நான்?" என்று கேட்டார். நானும் சிரித்தேன்.

கீழ்த்தொட்டியில் ஒரு பகுதியைக் கண்ணாடியால் தடுத்து அடைக்கல அறையாக வைத்தேன். மேலே விட்டால் நிமிடத்தில் தின்னப்பட்டுப்போகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அந்த அறையின் பாசிக்குள் பயமில்லாமல் பெருகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு மேலே போய் இரையாகும். என்னிடம் இருந்தது கடற்குதிரைச் சோடி. வாவியில் சாதாளைப் பாசியோடு வலையில் ஏறி வந்தவை. அவை செத்த இரையைத் தொடா. ஆகவே அந்த அறை இல்லாமல் அவை இல்லை.

மேலே விளக்கு அணைந்த பிறகு பாசிக்கு விளக்குப் போட வேண்டும், அப்போதுதான் தண்ணீர் கெடாது. ஆகவே கட்டிலுக்குக் கீழே விடியும்வரை வெளிச்சம் இருந்தது. மாமா முகத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

"வெளிச்சம் பட்டா பாசி ஒட்சிசன் விடும் மாமா. உங்களுக்கும் நல்லம்."

"அப்ப மெசினைக் கழட்டிப்போட்டு என்ட மூக்கைப் பாசிக்குள்ள வையுங்களன்."

பகிடிக்காரர். கடற்குதிரையில் ஆண்தான் வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும். அதை அவரிடம் நான்தான் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆம்புள புள்ளத்தாச்சி. இந்த வீட்டில அங்கயாவது நடக்குதே, மருமகன்" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வாசலில் நின்ற சர்மிலா சிரிக்கவில்லை, அப்பாவை அதட்டவும் இல்லை. நான் அதை மனதில் வைத்திருந்தேன் என்று எழுத வேண்டாம். கேட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இடம் குறைந்தவன் ஒரு பிழை செய்வான், நானும் செய்தேன். கரண்ட் நின்றால் மேல்தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்கும். அதற்காகக் கீழ்த்தொட்டியில் கொஞ்சம் வெறுமை விட வேண்டும். என்னுடையது சின்னது, விளிம்புவரை நிரப்பியிருந்தேன். அதனால் மோட்டர் நிற்கவே கூடாது. மாமாவின் மெசினுக்கென்று சர்மிலாவின் தம்பி டினேஷ் கட்டாரிலிருந்து காசு அனுப்பி வாங்கிய இன்வேட்டர் அறையில் இருந்தது. மோட்டரையும் அதிலேயே மாட்டினேன். கரண்ட் இருக்கும்போது இரண்டும் ஓடும். கரண்ட் போனால் அது ஒன்றைத்தான் இழுக்கும், இரண்டென்றால் கத்திக்கொண்டு நின்றுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரிக்காற்று. சர்மிலா பூசைக்குப் போயிருந்தாள். ஆண் குதிரைக்கு நோவு கண்டு, வாலால் குச்சியைச் சுற்றிக்கொண்டு வயிற்றை மடக்கி மடக்கி விரித்தது. முதல் குட்டிகள் தூசு பறப்பதுபோல வெளியே வந்தன. அப்போது கரண்ட் போனது. இன்வேட்டர் கத்தியது. அறைக்குப் போய் மெசினின் பிளக்கைக் கழற்றினேன். கத்தல் நின்றது, மோட்டர் ஓடியது.

மாமா என்னைப் பார்த்தார். "மருமகன், பிளக்கு" என்றார். அவருக்கு அவ்வளவுதான் மூச்சு இருந்தது.

"கரண்ட் வந்திரும் மாமா" என்றேன்.

ஹோலுக்கு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. கட்டிலில் கவிழ்ந்து, ஊன்றுதடியால் கீழ்த்தொட்டியின் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி அதிர்ந்தால் பூச்சிகள் சாகும். போய்த் தடியை அவர் கையிலிருந்து எடுத்து எதிர்மூலையில் சாத்திவைத்தேன். பறிக்கவில்லை, விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது கதவைச் சாத்தினேன்.

இரண்டு வாளி தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றியிருந்தால் மோட்டரை நிறுத்தியிருக்கலாம். அள்ளும் வாளி கட்டிலடியிலேயே இருந்தது. அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் நின்றால் குட்டிகள் தாங்கா.

சர்மிலா நனைந்த குடையோடு வந்து வாசலில் நின்றாள். வீட்டில் விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு குடையைப் போட்டுவிட்டு அறைக்கு ஓடினாள். அவள் வருமுன் பிளக்கை மாற்றி வைத்திருக்கலாம் என்கிறீர்கள். உண்மைதான். பிரசவம் முடிந்திருக்கவில்லை.

பிளக்கைக் கழற்றியது நான், தடியை எடுத்தது நான், கதவைச் சாத்தியதும் நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஓர் உயிரைச் சாகவிடுகிற மனம் எனக்கு இல்லை, ஐயா. நம்பாவிட்டால் தொட்டியைப் போய்ப் பாருங்கள். அப்படிப் போனால் சர்மிலாவிடம் ஒன்று சொல்லுங்கள். பாசி விளக்கை இராவில் அணைக்க வேண்டாம். அந்த அறையில் இப்போது அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை.