மாப்பிள்ளையின் வால்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, பேச வருகிறவர்களையெல்லாம் "சீக்கிரம் முடியுங்க" என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, இந்தப் படத்தை முதல் பாகத்தில் பெற்று, இரண்டாம் பாகத்தில் வளர்த்து, இன்றைக்கு டிஸ்க்காக்கி வீட்டுக்கு வீடு அனுப்பிவைக்கும் இயக்குனர் தம்பி அவர்களே, கேட்டதையெல்லாம் எரிக்கக் கொடுத்த தயாரிப்பாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளை அழுதால் எழுந்து போக வசதியாக ஓரத்து நாற்காலியாகப் பார்த்துப் பிடித்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும் லைட் தம்பிகளே, தச்சு வேலைத் தோழர்களே, தையல் அக்காமார்களே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்த வால்காரர் சம்சாரத்தின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆறு வருடமாக எனக்கு அதுதான் பெயர். இங்கே வந்திருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

இந்தப் படத்தில் வேற்றுக்கிரகத்திலிருந்து ஒரு மிருகம் வருகிறது. கதையில் அதற்கு என்னவோ பெயர். என் வாயில் நுழையாது. அந்த ரப்பர் பொம்மையைச் செய்த பட்டறையில் அதற்குப் பெயர் மாப்பிள்ளை. ஏன் மாப்பிள்ளை? தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டும். வேர்க்காமல் இருக்க ஃபேன் வேண்டும். ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகத்துக்குப் பவுடர் வேண்டும். அது தயாராகிற வரை நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கோபித்துக்கொண்டு போய்ப் படுக்காதது ஒன்றுதான் பாக்கி. அதுவும் மழை பெய்த அன்றைக்கு நடந்தது என்று சொல்கிறார்கள்.

அந்த மாப்பிள்ளைக்குக் கண்ணைச் சிமிட்ட ஒருவர், மூச்சு விட ஒருவர், வாயைத் திறக்க ஒருவர். வாலுக்கு என் வீட்டுக்காரர்.

பன்னிரண்டு அடி வால். மேலே ரப்பர். உள்ளே வளையம் வளையமாகப் பிளாஸ்டிக். அந்த வளையங்களுக்குள் ஓடுவது என்ன தெரியுமா? நீங்களும் நானும் ஓட்டுகிற சைக்கிளின் பிரேக் கம்பி. மேலே தூக்க ஒன்று, கீழே இறக்க ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மேடைக்கு மேலே ஹீரோ நிற்பார். பலகைக்குக் கீழே இவர் மல்லாந்து படுத்திருப்பார். வளைய வேண்டிய இடத்தில் வளைத்து, வீச வேண்டிய இடத்தில் வீசி, விட வேண்டிய இடத்தில் விட்டு, அந்த ரப்பருக்கு வேகம் கொடுத்தார், வெறி கொடுத்தார், வெட்கம்கூடக் கொடுத்தார். முதல் பாகத்தில் குழந்தையைப் பார்த்ததும் அந்த வால் மெல்லச் சுருண்டுகொள்ளுமே, அது வெட்கம் இல்லாமல் வேறு என்ன?

கை தட்டாதீர்கள் அம்மா. நோட்டில் எழுதி வந்ததைப் பார்த்து வாசிக்கிறேன். தட்டினால் வரி தவறிவிடும்.

இரண்டாம் பாகத்தின் கடைசிச் சண்டைக்கு வருகிறேன். விண்கலம் எரிகிறது. மாப்பிள்ளை, ஹீரோவின் இடுப்பை வாலால் சுற்றித் தூக்கி வீச வேண்டும். விண்கலம் என்றால் என்ன? தச்சர் அண்ணன்மார் ஒரு மாதம் அடித்த பலகையும் தகரமும். எரிந்ததை மறுபடி எரிக்க முடியுமா? முடியாது. ஒரே தடவைதான். தீ வைத்தாயிற்று. கேமரா ஓடுகிறது. வால் கிளம்புகிறது. பாதி வழியில் வலது பக்கத்துக் கம்பி சிக்கிக்கொண்டது. வால் நின்றுவிட்டது. தீ நிற்குமா? கேமரா நிற்குமா? இவர் என்ன செய்தார்? பலகைச் சந்து வழியாகக் கையை வெளியே விட்டு வாலைத் தள்ளினார். வால் சுற்றியது. ஹீரோ பறந்தார். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கேமராவுக்குள் அவருடைய மூன்று விரல் போய் உட்கார்ந்துகொண்டது.

இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தார்; சாப்பாடு சரியாக இறங்கவில்லை; புகை குடித்துவிட்டேன் என்றார். நானும் நம்பினேன்.

படம் வெளிவர மூன்று வாரம் இருக்கும்போது காய்ச்சல் என்று படுத்தார். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நான் தனியாகத் திரும்பி வந்தேன்.

உச்சுக்கொட்ட வேண்டாம். இன்றைக்கு நல்ல நாள். அழுவதற்கு வேறு நாள் வைத்திருக்கிறேன்.

படம் வந்தது. என் மகள் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள்தான் லீவு போட்டு என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். கடைசிச் சண்டை. வால் வந்தது. வாலோரத்தில் மூன்று விரல் வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. எழுநூறு பேர் இருந்த அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஆள்காட்டி விரலின் நுனி உள்பக்கமாக மடங்கியிருந்தது. இளவயதில் கார் கதவில் நசுங்கிய விரல். சோற்றைப் பிசையும்போது அந்த ஒரு விரல் மட்டும் ஒத்துழைக்காமல் நிற்கும். எத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த விரல்! மறக்குமா? மாறுமா? வேறு ஒருவருக்கு வருமா?

மறுநாள் நான் மட்டும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஒன்பது தடவை போனேன். டிக்கெட் கிழிக்கிறவர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், அந்த ஹீரோவுக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளை இருக்கும்மா, வீட்டுக்குப் போங்க என்றார். இயக்குனர் தம்பி மன்னிக்க வேண்டும், ஒன்பது தடவை பார்த்தும் உங்கள் கதை எனக்குப் புரியவில்லை. கடைசிச் சண்டை எப்போது வரும் என்றே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு படத்தைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு வீடு வெறிச்சென்று ஆனது.

அப்போதுதான் டிஸ்க் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தை எதில் அளப்பேன்! வீட்டிலேயே போடலாம். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். இமைக்கிற நேரம் வந்து போகிற கையை, நான் இருக்கிற வரைக்கும் நிறுத்திவைத்துப் பார்க்கலாம். கொழுந்தனார் வீட்டில் சும்மா கிடந்த பிளேயரை வாங்கி வந்து துடைத்துவைத்தேன். மகள்தான் மெதுவாகச் சொன்னாள். டிஸ்க்குக்குப் போடுமுன் படத்தைச் சுத்தம் பண்ணுவார்களாம். கம்பி தெரிகிற இடம், கயிறு தெரிகிற இடம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழிப்பார்களாம்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். டிஸ்க் தயார் பண்ணும் இடம் மூன்றாம் மாடி. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஐஸ்பெட்டி மாதிரி குளிர். ரெண்டு திரை, ஒரு மேஜை, சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண். அவள்தான் அழிக்கிறவள். இயக்குனர் தம்பி பக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அவர் என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார். என்னை அண்ணி என்பார். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளுங்கள், அந்த மூன்று விரலை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கெஞ்சினேன்.

அவர் அந்த நாற்காலியை என் பக்கம் இன்னும் நகர்த்தினார். பிறகு சொன்னார்.

"அண்ணி, அதை எடுக்கச் சொன்னதே அண்ணன்தான்."

ஷூட்டிங் முடிந்த வாரமே என் வீட்டுக்காரர் இயக்குனர் தம்பி வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். தியேட்டருக்குப் போகும் பிரதியில் அதைச் சரிபண்ண நேரமில்லை, டிஸ்க்கில் கண்டிப்பாக எடுத்துவிடுகிறேன் என்று தம்பி வாக்குக் கொடுத்திருக்கிறார். அதோடு விட்டாரா என் மனுஷன்? ஆஸ்பத்திரியில் நான் வெந்நீர் வாங்கக் கீழே போன நேரம் பார்த்து மறுபடியும் போன் பண்ணியிருக்கிறார். என்ன சொன்னார் என்று கேட்டேன். தம்பி அப்படியே சொன்னார்.

"வீட்டுல நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்க சார். மாப்பிள்ளைக்கு உசுரு இருக்குன்னு நம்பி உட்கார்ந்திருப்பாங்க. என் கையப் பாத்தா அது அங்கேயே செத்துடும். எடுத்துடுங்க. என் வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க. அவ கண்ணுல பட்டா என்னை சும்மா விடமாட்டா."

அவையோர்களே, நான் எதைச் சொல்வேன்! எந்த விரலுக்காக நான் ஒன்பது தடவை தியேட்டர் வாசலில் நின்றேனோ, அந்த விரலை என் கண்ணில் படாமல் மறைக்கத்தான் அந்த மனுஷன் கடைசி மூச்சு வரைக்கும் கஷ்டப்பட்டிருக்கிறார்.

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. எந்த வால், எந்த இறக்கை செய்தாலும் முதலில் எங்கள் வீட்டு ஹாலில்தான் ஆடிக்காட்டுவார். அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஆட்டுவார். "தெரியுதா?" என்று குரல் வரும். கம்பி தெரிந்தால் தெரியுது என்பேன். முகதாட்சண்யத்துக்காகப் பொய் சொன்னதில்லை. முணுமுணுத்துக்கொண்டே பிரித்து மறுபடி கட்டுவார். தெரியல என்று நான் சொன்ன பிறகுதான் சாப்பிட உட்காருவார். இந்த ஒரு தடவைதான் அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தம்பி பெருந்தன்மையாகச் சொன்னார்: "நீங்க சொல்றதுதான் அண்ணி முடிவு. வேணும்னா அப்படியே விட்டுடறேன்." ஒரு நாள் டைம் கேட்டு வீட்டுக்கு வந்தேன். மகளிடம் சொன்னேன். அப்பாவுக்கு இனிமே தெரியவா போகுது, உனக்கு வேணும்னா வச்சுக்கோம்மா என்றாள். என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். எனக்கு வேண்டும் என்பது என் துக்கம். வேண்டாம் என்பது அவர் தொழில். என் துக்கத்துக்காக அவர் தொழிலில் ஒரு பிழையை நிறுத்திவைத்து, நித்தமும் பார்த்து உருகலாமா? அதற்குப் பெயர் பிரியமா?

மறுநாள் காலையில் போய், அழியுங்கள் என்றேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றும் சொன்னேன்.

படத்தை அந்த இடத்தில் நிறுத்தினாள் அந்தப் பெண். முதல் தடவையாக நகராமல் நின்ற கையைப் பார்த்தேன். நகத்தில் கரி. புறங்கையில் ரப்பர் பசை. மெதுவா எடு கண்ணு என்றேன். அவளும் மெதுவாகத்தான் எடுத்தாள். மோதிர விரல் போனது. நடுவிரல் போனது. மடங்கின விரல் கடைசியாகப் போனது. அந்த இடத்தில் வாலின் தோலும் கொஞ்சம் புகையும் வந்து நிறைந்தது. அந்தக் கையை மட்டும் தனியாக ஒரு படமாகப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள், பாவம், அவள் கண்தான் கலங்கியிருந்தது. வேணாம் கண்ணு, ஒன்பது தடவை பாத்தாச்சு என்றேன்.

பிறகு காட்சியை முழுசாக ஓட்டினாள். தீ எரிந்தது. வால் வந்தது. என் எதிரிலேயே பவுடர் பூசிக்கொண்ட மாப்பிள்ளை, எங்கள் ஹாலில் சுருண்டு கிடந்த வால், நான் மிதித்துத் தாண்டிய வால், அன்றைக்கு என்னைப் பார்த்துச் சீறியது. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். பயந்துவிட்டேன்! அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியல என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, இந்த டிஸ்க்கை வீட்டில் போடும்போது இதில் யார் யார் முகம் இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனை கை இல்லை என்றும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளை கண் சிமிட்டும் இடத்தில் ஒரு கை இல்லை. மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கை இல்லை. ஹீரோ பறக்கும் இடத்தில் கயிறு பிடித்த ஆறு கை இல்லை. கிழிந்த சட்டையைக் கிழிந்த மாதிரியே தைத்த அக்காமார்களின் கை இல்லை. எரிகிற விண்கலத்தில், அதை ஆணி ஆணியாக அடித்த நாற்பது கை இல்லை. அந்த மூன்று விரலை அழித்தாளே, அவள் கையும்தான் இதில் இல்லை. இல்லாமல் போயினவா அந்தக் கைகள்? இல்லவே இல்லை! கையை மறைக்கத் தெரிந்தவன் செய்ததுதான் உயிரோடு நடக்கும். என் வீட்டுக்காரர் செய்தது நடக்கிறது. சீறுகிறது. சுற்றுகிறது. வெட்கப்படுகிறது.

இப்போது தட்டுங்கள். இப்போது தட்டலாம். எனக்காக இல்லை, பின்னால் சுவரோரம் நிற்கிறார்களே, அவர்களுக்காக.

என்னைப் பேசச் சொன்ன தலைவர் அண்ணனுக்கும், வாக்கைக் காப்பாற்றிய இயக்குனர் தம்பிக்கும், அந்தச் சால்வைப் பெண்ணுக்கும், ஏழு நாள் உட்கார்ந்து இந்த நோட்டில் என் எழுத்துப் பிழையைத் திருத்திய என் மகளுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். அடுத்ததாக அந்தக் கடைசிச் சண்டையை இந்தப் பெரிய திரையில் போடப் போகிறார்கள். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வால் வருகிற இடத்தில், பாவம் அந்த அம்மா என்ன செய்கிறாள் என்று என் பக்கம் யாரும் திரும்பிவிடாதீர்கள். என் வீட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. திரையைப் பாருங்கள். நன்றாகப் பயப்படுங்கள். பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், மடியில் தூங்கிவிட்ட பிள்ளைகளுக்கும் வணக்கம்.

லைட்டை அணைங்க தம்பி.