காயாத பால்

ஏலே அபினேஷ், அந்த போனை அணை. கதை வேணுமா, ரீல்ஸ் வேணுமா? சிரிக்காத மக்கா. இது நம்ம அனீஷுக்க தாய்மாமன் வீட்டுல நடந்தது. அவன்ட்ட கேட்டுப் பாரு, பேச்சை மாத்துவான்.

மழைக்கால அந்தி. அருமனை ஊரிலிருந்து உள்ளே போகும் ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர் மரம்… ஆள் நடமாட்டமே இல்லை. ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டைகளில் மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். டப்… டப்… அந்த ரோட்டில் அஜிஷா தனியாக நடந்து வந்தாள். அனீஷின் மாமா மகள், வெளியூரில் தங்கி நர்சிங் படிப்பவள். அம்மா இசபெலை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போது அப்பா போனில் கூப்பிட்டிருந்தார். "மூச்சு முட்டுது மக்ளே, வா." அவ்வளவுதான்.

அப்பா ஜெபசீலனுக்கு அபூர்வமான தொழில். பழைய ஸ்டூடியோ கேமராவில் ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஒரு கறுப்பு மடிப்பு இருக்குமே, பெல்லோஸ் என்பார்கள்… அதைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார். இரண்டு துணிக்கு நடுவே அட்டைக் கீற்றுகளை ஒட்டி, மேலே கறுப்பு மை கலந்த ரப்பர் பாலைப் பூசி, அது முழுசாகக் காய்வதற்குள் மடிக்க வேண்டும். ஊசித்துளை வெளிச்சம் உள்ளே புகுந்தாலும் படம் நாசம். பால் பூசிவிட்டால் தூசி ஒட்டக்கூடாது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவார். பாலில் கலக்கும் அம்மோனியா வாடை வீட்டுக்குள்ளேயே சுற்றும். இசபெலுக்கோ ஆஸ்துமா இழுப்பு. பெஞ்சாதி நெஞ்சு கிழிந்தாலும் துணி கெடக்கூடாது அவருக்கு. அப்படியும் ஒரு பிறவி!

இசபெல் செத்தபோது தான் சந்தைக்குப் போயிருந்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னார். ஊரும் நம்பியது. அஜிஷாவும் நம்பினாள்.

கதவைத் திறந்ததும் அம்மோனியா மூக்கில் ஏறியது. கூடவே தைல வாடை… அம்மா நெஞ்சில் தேய்க்கும் தைலம். ஜெபசீலன் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் புது பெல்லோஸ். அவர் நெஞ்சுக்குள் விசில். கீ… கீ… ஆயுசில் இழுப்பு என்பதே அறியாத மனுஷன்.

"டாக்டரு ஒண்ணும் இல்லங்காரு மக்ளே. இதுலதான் ஓட்ட விழுந்திருக்கு. பால் பூசி அடைச்சா எனக்கு மூச்சு நிக்குது. நகத்தால கீறி விட்டா வருது. நீ இத அடைக்காண்டாம் கேட்டியா… தொடவே செய்யாண்டாம்."

பயத்தில் உளறுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த வேலைதானே… பெல்லோஸை வாங்கி உள்ளே பல்பைத் தொங்கவிட்டாள். அறை விளக்கை அணைத்தாள்.

இருட்டு. கறுப்புத் துணியில் நாலு வெளிச்சப் புள்ளிகள். வரிசையாக, விரல் நுனி அகலத்தில்… மூன்றாவது மட்டும் கீழே இறங்கி நின்றது.

இசபெலுக்கு மோதிர விரல் பாதிதான் உண்டு. மீதியை ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி எடுத்துவிட்டது.

"அம்மைக்க விரலு இது. ஈரத்துல பதிஞ்சிருக்கு. அம்மை செத்தப்போ நீ இங்கதான் இருந்தியா?"

அவர் நெஞ்சுக்குள் கீ… கீ…

"சொல்லுப்பா!"

"இன்ஹேலரு மேசைக்கு மேல தட்டுல இருந்துது… எட்டி எடுக்க துணியில கைய ஊணிட்டா. பத்து நாள் வேலை மக்ளே! கொஞ்சம் பொறு, பால் காயட்டும்னுதான் சொன்னேன். பைய, மெல்லத்தான் அவள வெளிய தள்ளி, கதவச் சாத்தினேன்… அவ்வளவுதான்."

அஜிஷா அழவில்லை. பால் டப்பாவைத் திறந்தாள். பிரஷை முக்கினாள். முதல் புள்ளியை மூடினாள்.

அவருக்குக் கண் பிதுங்கியது. இரண்டாவது… ஊர்ந்து வந்து அவள் காலைப் பிடித்தார். "மக்ளே… மக்ளே…"

"கொஞ்சம் பொறு. பால் காயட்டும்."

பாதி விரலைக் கடைசியாக மூடினாள். விசில் நின்றது. வெளியே டப்… டப்… சிரட்டைச் சத்தம் மட்டும்.

மாரடைப்பு என்று ஊர் பேசிக்கொண்டது. அடக்கம் முடிந்த மறுநாள், பெல்லோஸை அனுப்பிவிடலாம் என்று அவள் மறுபடியும் பல்பைப் போட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. அணைக்கப் போனாள்… துணி உள்ளேயிருந்து மெல்லப் புடைத்தது. ஒன்று… இரண்டு… ஐந்து. அப்பாவின் தடித்த விரல்கள். ஒவ்வொரு நுனியிலும் ஊசிமுனை வெளிச்சம். உள்ளே கீ… கீ…

இதையெல்லாம் அஜிஷாவே சாயா குடித்துக்கொண்டு அனீஷிடம் சொன்னாளாம். அவன் நம்பவில்லை. ஒருநாள் ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்திருக்கிறான்.

அந்த பெல்லோஸை அவள் யாருக்கும் அனுப்பவில்லை. தினமும் அந்தி நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து துளைகளுக்கும் பால் பூசுகிறாள். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிறகு இரண்டு கையாலும் மடிப்பைச் சேர்த்து அமுக்குகிறாள்… பைய.