தகுதியான நிகழ்வு

விதியை மதிக்கிற மனிதர்கள் இருக்கும்வரைதான் ஒரு நாடு நாடாக இருக்கும். இதை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நம்பி வருகிறேன், ஐயா. ஜனவரியில் இடது கீழ்க் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்த பிறகு இன்னும் அழுத்தமாக நம்புகிறேன்.

அமெரிக்காவில் டோலிடோ நகருக்கு வெளியே அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி எங்களுடையது. அங்கே எங்களை ஊழியர்கள் என்று சொல்லமாட்டார்கள், குடும்பம் என்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் இலவச பாப்கார்ன் உண்டு. ஃபாரம் நிரப்பாமல் கிடைக்கிற ஒரே சலுகை அதுதான் என்பதால் நான் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

மருத்துவக் காப்பீடு அப்படியல்ல. நவம்பரில் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்ததை அடுத்த நவம்பர் வரை மாற்ற முடியாது. நவம்பரில் எனக்குப் பல் வலிக்கவில்லை. பல்லுக்கான தனிக் காப்பீட்டை விட்டுவிட்டேன். ஜனவரியில் பல் மருத்துவருக்குப் போன் செய்தால், எந்தப் பல் என்று கேட்கவில்லை, எந்தக் காப்பீடு என்று கேட்டார்கள். எதுவும் இல்லை என்றதும், வாயைத் திறந்து பார்ப்பதற்கே ஒரு தொகை சொன்னார்கள். அதைக் கேட்டு வலியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

மனிதவளத் துறைத் தலைவர் கர்ட்டிஸைப் போய்ப் பார்த்தேன். கருணையான முகம். அந்த முகத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"நடுவுல மாத்தணும்னா வாழ்க்கையில தகுதியான நிகழ்வு ஒண்ணு நடந்திருக்கணும், லோர்னா."

"பல்லு வலிக்குதுங்க."

"அது நிகழ்வு இல்லீங்களே. அது வெறும் வலி."

"எதுதான் நிகழ்வு?"

"கல்யாணம், குழந்தை, விவாகரத்து, சாவு."

"யாரோட சாவு?"

"உங்களோடது இல்ல. உங்களோடதுன்னா திட்டமே முடிஞ்சுபோயிடும்."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவள். வேறு வழி இல்லை. லாரியில் சரக்கேற்றும் வெண்டல் ரொம்ப நாளாக என்னை பவுலிங், அதாவது பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம், விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வெண்டல், கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவர் கையுறையைக் கழற்றினார். "நான் பந்து உருட்டத்தான் கூப்பிட்டேன்... எப்போ?"

"வியாழக்கிழமை. சாப்பாட்டு நேரத்துல."

மறுபேச்சில்லாமல் டை வாங்கினார். நீதிமன்றத்திலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது சரக்குமேடையே கூடி நின்று கத்தியது. "ஏண்டா மாப்ளே, பவுலிங் போறேன்னுட்டுப் பொண்டாட்டியோட வந்து நிக்கிறே!" கர்ட்டிஸ் கேக் வெட்டி, குடும்பத்துக்குள்ளேயே ஒரு குடும்பம் என்று கண் கலங்கினார். நான் ஃபாரத்தை நீட்டினேன்.

வெண்டல் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல நான் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை. என்னால் மெல்ல முடியாது என்று தினமும் உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்தார். நான் முனகினால் எழுந்து போய் ஐஸ் கொண்டுவருவார். இத்தனை வருஷம் நான் தன்னைப் பார்த்ததே இல்லை என்று நினைத்திருந்தாராம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பல் வலி, சிரிக்க முடியாது.

மார்ச்சில் காப்பீட்டு அட்டை வந்தது. பல்லுக்கு அல்ல. கண்ணுக்கு.

"கம்ப்யூட்டர்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கா, கை தவறிப்போச்சு" என்றார் கர்ட்டிஸ்.

"அப்ப திருத்துங்க."

"திருத்துறதும் மாத்துறதுதானே? மாத்தணும்னா ஒரு நிகழ்வு வேணுமே."

"தப்பு உங்களோடதுங்க."

"இல்லேங்கலையே. அதுக்கு மேல்முறையீடு இருக்கு. வருஷக் கடைசிக்குள்ள பதில் வந்துடும்."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அந்த நாலு நிகழ்வுகளையும் நிதானமாக யோசித்தேன். கல்யாணத்தைச் செலவழித்தாயிற்று. குழந்தைக்கு வயதில்லை. விவாகரத்து இழுத்துக்கொண்டே போகும் என்று வக்கீல் சொன்னார். அதோடு வெண்டலின் மனசு உடைந்துபோகும். நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரி அல்ல.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. போன வருஷத்து மேப்பிள் இலைகள் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகரக்கால்வாயை அடைத்துக்கொண்டிருந்தன. மதியம் சுத்தம் செய்கிறேன் என்றார் வெண்டல். ஆபத்து என்று எச்சரிக்க வேண்டியது மனைவியின் கடமை. எச்சரித்தேன். பிறகு கர்ட்டிஸின் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"இன்னிக்கு மத்தியானம் ஒரு நிகழ்வு இருக்கும், கர்ட்டிஸ்."

"எந்த வகை?"

"கடைசி வகை."

"அடடா, வருத்தமா இருக்கு. ஃபாரம் எடுத்து வைக்கிறேன். முப்பது நாளைக்குள்ள சான்றிதழ் வந்துடணும், சரியா?"

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அந்த ஃபாரத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. இப்போது உங்களிடம் வந்து ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய விதிகளை அவர் மதிக்கிறார்.

வெண்டல் மேலே ஏறினார். டையை இடுப்பில் கட்டி, அதில் இலை வாருவதற்கான கரண்டியைச் செருகியிருந்தார். கல்யாண டைதான், வேறு டை அவரிடம் இல்லை.

"லோர்னா, ஏணியைப் புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

அந்த நேரத்தில் அது உண்மை.

"நீ புடிச்சிருந்தா எனக்கு பயமே இல்ல" என்றார்.

பிறகு கையை எடுத்தேன். ஏணி நகரவில்லை, அவர் அதை ஒழுங்காக ஊன்றியிருந்தார். அதனால் காலால் தள்ள வேண்டியிருந்தது. இரண்டு தடவை. கீழே சிமென்ட் தரை. எழுதிக்கொள்ளுங்கள், தள்ளியது நான்தான். ஆனால் கேட்டது அவர்கள். ஒரு நிகழ்வு கொண்டு வா என்றார்கள், கொண்டு வந்தேன்.

சான்றிதழையும் கெடுவுக்குள் கொடுத்துவிட்டேன். பல் காப்பீட்டு அட்டை உங்கள் ஆட்கள் என்னை அழைத்துப்போன அன்று காலையில் தபாலில் வந்தது. பெயர்கூடச் சரியாக இருந்தது.

நேற்று இந்தச் சிறையின் பல் மருத்துவர் பார்த்தார். இங்கே அட்டை கேட்பதில்லை. விளக்கை அடித்து, ஒரு சின்னக் கொக்கியால் எதையோ இழுத்து எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார். பல்லில் ஒன்றுமில்லை. ஈறுக்கடியில் ஒரு பாப்கார்ன் தோல் இருந்தது.