முன்தண்டு

எனக்கும் என் தம்பி கதிர்வேலுக்கும் தோள் உயரம் ஒன்று, டாக்டர். எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் உயரம் பார்த்துத்தான் சாமி தூக்க ஜோடி சேர்ப்பார்கள். அப்பாவுக்குப் பிறகு, சாமியைச் சுமக்கும் முன்தண்டு எங்கள் இருவருக்கும் வந்தது. ஒருவன் நின்றுவிட்டால் மற்றவனும் பின்வரிசைக்குப் போக வேண்டியதுதான். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியும்.

பக்கத்து ஊர் கூரத்தில் கபடி ஆடும்போது அவன் முட்டிக்குள் டப்பென்று சத்தம் கேட்டதாம். சாயங்காலத்துக்குள் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்ததும் நேராக நடந்தான். திரும்பும்போது மட்டும் முட்டி நழுவி, அப்படியே உட்கார்ந்துவிடுவான். ஸ்கேன் பார்த்து, ஜவ்வு அறுந்திருக்கிறது என்றீர்கள். முட்டி நழுவினால் ஆபரேஷன், நழுவாவிட்டால் பயிற்சியிலேயே சமாளித்துப் பார்க்கலாம், எதுவானாலும் இப்போதைக்குச் சுமை தூக்கக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். பிறகு, நழுவுகிறதா என்று கேட்டீர்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"அதெல்லாம் இல்ல டாக்டர். நல்லாத்தான் நடந்துக்கினு இருக்கறான்."

சொன்னது நான்தான். ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் ஓய்வு. பிரம்மோற்சவமோ அடுத்த மாதம்.

சுமை கூடாது என்றதை அவன் மனைவி துளசி ஞாபகப்படுத்தினாள். பெருமாள் உனக்குச் சுமையாம்மா என்று கேட்டேன்.  

கருட சேவையன்று காலையில், சாமியைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போது அவன் முட்டி விட்டுப்போனது. காலைப் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டு விழுந்தான். பின்னாலிருந்தவன் ஓடிவந்து தோள் கொடுக்கும்வரை நான் தாங்கிப் பிடித்தேன். பிறகு தம்பியைத் தாண்டி அடி எடுத்து வைத்தேன். பெருமாள் கொஞ்சமும் சாயவில்லை. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். பொய் சொல்வானேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சாமி கோயிலுக்குத் திரும்பிய பிறகுதான் வீட்டுக்குப் போனேன். துளசி ஆட்டோ வரவழைத்திருந்தாள். அதைத் திருப்பி அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால் நீங்கள் கேள்வி கேட்பீர்கள், என் பொய் வெளியே வரும். எப்போதும் வருகிற பிசகுதான் என்று சொல்லி, முட்டிக்கு ஐஸ் வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினேன்.

"காலு சில்லுன்னு இருக்குதுண்ணா. வெரலு இருக்கறதே தெரியல," என்றான்.

ஐஸ் வைத்தால் அப்படித்தான், கொஞ்சம் படு என்றேன். ஐஸ் முட்டியில் இருந்தது, சில்லிட்டுப்போயிருந்தது பாதம். தொட்டுப் பார்த்தேன். வெளுத்தும் இருந்தது. எனக்குத் தெரிந்தது, டாக்டர். போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

மறுநாள் கூட்டி வந்தபோது, ரத்தக்குழாய் அடைபட்டு நேரம் கடந்துவிட்டது, காலை முட்டிக்கு மேலே எடுத்தாக வேண்டும் என்றீர்கள். நேற்றே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னீர்கள். குற்றம் என்னுடையதுதான்.  துளசியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

ஆபரேஷன் மயக்கம் தெளிந்ததும் கால் எங்கே என்று கேட்பான். நீங்களே சொல்லிவிடுங்கள். பாதம் வெளுத்ததைப் பார்த்தும் நான் மூடிவிட்டதை மட்டும் சொல்ல வேண்டாம். தெரிந்தால் மனசு உடைந்துபோவான். என் தம்பி கஷ்டப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, டாக்டர்.